பிளம்ஸ் கொட்டை, பட்டர்புருட் கொட்டைய அவிச்சு குடிக்கலாமா மிஸ்?

தங்கச்சிக்கு,

ஒங்க கடிதம் கெடச்சுச்சு. இதே கேள்விய இப்ப மருந்து கவுண்டர்லயும் நெறைய பேர் கேக்குறாங்க, அதனால ஒங்க பேர சொல்லாம நீங்க எழுதுனத சுருக்கமா போட்டுட்டு பதிலுக்கு வாறேன். வெலிமடை பக்கம் வீடு, வீட்டுக்கு பின்னால ரெண்டு பிளம்ஸ் மரம், பக்கத்து வீட்டுல பட்டர்புருட் மரம், ஆனைக்கொய்யான்னு சொல்றது தான். மாமியாருக்கு சீனி வருத்தமும் பிரசரும், மாசா மாசம் கிளினிக்ல மருந்து எடுக்குறாங்க. போன்ல ஒரு வீடியோ வந்திருக்கு, பட்டர்புருட் கொட்டைய சீவி காய வச்சு அவிச்சு குடிச்சா சீனி எறங்கும்னும், பிளம்ஸ் கொட்டைய ஒடைச்சு உள்ள இருக்குற பருப்ப பொடி பண்ணி சுடுதண்ணியில போட்டு குடிச்சா கேன்சரே வராதுன்னும். மாமியார் ரெண்டு கெழமையா பட்டர்புருட் கொட்டை தண்ணி குடிக்கிறாங்க, அதோட நாவக்கொட்டை பொடியும் போகுது. பிளம்ஸ் பருப்பு இடிச்சு ஒரு ஜாம் போத்தல்ல வச்சிருக்கீங்க, இன்னும் குடிக்கல, மிஸ்கிட்ட கேட்டுட்டு குடிப்போம்னு. வீட்டுல அஞ்சு வயசு மகன். எல்லாம் சரின்னா பக்கெட் போட்டு டவுன்ல விக்கலாம்னும் ஒரு யோசனை. கடைசியா "இயற்கையான சாமான் தானே மிஸ், என்ன செஞ்சிட போகுது" அப்படின்னு முடிச்சிருக்கீங்க.

கேட்டுட்டு குடிப்போம்னு வச்சிங்க பாருங்க, அது ரொம்ப நல்ல வேலை. அவசரமானத மொதல்ல சொல்லிடுறேன். அந்த ஜாம் போத்தல இப்பவே எடுத்து மகன் கைக்கு எட்டாத எடத்துல வைங்க, யாருக்கும் ஒரு கரண்டி கூட குடுக்க வேணாம். மாமியார் பட்டர்புருட் கொட்டை தண்ணிய இன்னையோட நிப்பாட்டட்டும். கிளினிக் மாத்திரை ஒன்னையும் நிப்பாட்ட வேணாம், கொறைக்கவும் வேணாம். இனி ஏன்னு வெளக்கமா சொல்றேன்.

பிளம்ஸ் கொட்டைய சுத்தியலால தட்டி ஒடைச்சிருப்பீங்க. உள்ள சின்னதா வாதுமைப் பருப்பு மாதிரியே ஒன்னு இருக்கும், மேல மண்ணிறத்துல மெல்லிசு தோல், உரிச்சா வெள்ளையா. இடிக்கும்போது "நத்தார் கேக்குல போடுற ஆமண்ட் எசன்ஸ் வாசம் வந்துச்சு, நல்ல வாசம்"னு எழுதியிருக்கீங்க. அந்த வாசம் எங்க இருந்து வருதுன்னா, பருப்புக்குள்ள அமிக்டலின்னு ஒரு சத்து இருக்கு. அதே பருப்புக்குள்ள வேற அறையில அத ஒடைக்குற ஒரு நொதியும் (என்சைம்) இருக்கு. முழுசா இருக்குற வரைக்கும் ரெண்டும் ஒன்னையொன்னு தொடாது. நீங்க இடிச்சு, கொஞ்சம் ஈரமும் பட்டதும் ரெண்டும் சேந்துடும், சேந்தா அமிக்டலின் ஒடைஞ்சு மூணு சாமான் வெளிய வரும். ஒன்னு சீனி, இன்னொன்னு அந்த ஆமண்ட் வாசம் குடுக்குற பென்சல்டிஹைட், மூணாவது ஐதரசன் சயனைட். ஆமாங்க, சயனைட்டுன்னு நம்ம கேள்விப்பட்டிருக்குற அதே நஞ்சு தான். கடையில விக்கிற எசன்ஸ்ல அது இருக்காது, அத எடுத்துட்டு தான் விப்பாங்க இல்லாட்டி வேற மாதிரி செஞ்ச வாசம். ஆனா ஒங்க உரல்ல வந்த வாசம் சயனைட்டோட கூடப் பொறந்த வாசம். சயனைட்டுக்கும் தனியா ஒரு வாசம் இருக்கு, அது எல்லார் மூக்குக்கும் தெரியாது, பரம்பரையிலயே அந்த வாசம் புடிபடாத ஆளுங்க இருக்காங்க, அதனால மோந்து பாத்து முடிவு எடுக்கவும் ஏலாது.

பிளம்ஸ் மட்டும் இல்ல, பீச்சஸ், ஏப்ரிகொட், செரி இதுக்கெல்லாம் கொட்டைக்குள்ள இதே கதை தான். அப்பிள், பெயார்ஸ் விதையிலயும், லொக்காட் விதையிலயும் இருக்கு. பயந்துடாதீங்க, பழத்த சாப்பிடலாம், தாராளமா சாப்பிடலாம். பழம் சாப்பிடும்போது ஒரு அப்பிள் விதையோ ஒரு பிளம்ஸ் கொட்டையோ முழுசா வயித்துக்குள்ள போயிட்டா அது அப்படியே வெளிய வந்துடும், கடிச்சு நொறுக்காத வரைக்கும் ஒன்னும் இல்ல. இடிக்கிறது, அரைக்கிறது, பொடி பண்றது, அங்க தான் வெனை.

இப்ப நீங்க கேப்பீங்க, அவிச்சா நஞ்சு போயிடாதா மிஸ்னு. இது தான் இந்த விசயத்துலயே முக்கியமான எடம், இத நல்லா வெளங்கிக்கங்க. மரவள்ளிக் கெழங்கு நம்ம எல்லார் வீட்டுலயும் அவிக்கிறது, மூடிய தொறந்து வச்சு அவிக்கணும்னு அம்மா அம்மம்மா எல்லாம் சொல்லுவாங்க. அதுக்கு காரணம் இருக்கு. மரவள்ளியிலயும் லினமரின்னு இதே கூட்டத்து சத்து ஒன்னு இருக்கு, அதுலருந்தும் சயனைட் தான் வரும். ஐதரசன் சயனைட் 26 பாகை சூட்டுலயே ஆவியாகுற சாமான், மூடி தொறந்திருந்தா வெளிய போயிடும். அது மட்டும் இல்ல, கெழங்க தோல் உரிச்சு, வெட்டி, கழுவி, நெறைய தண்ணியில அவிச்சு, அந்த தண்ணிய வடிச்சு ஊத்திடுறோம். ஏப்ரிகொட் பருப்ப சமையலுக்கு எடுக்குற நாடுகள்லயும் அப்படித்தான், ஊற வச்சு, அவிச்சு, தண்ணிய கொட்டிட்டு பருப்ப எடுப்பாங்க. ஒங்க தேத்தண்ணியில என்ன நடக்குது? பருப்ப வடிகட்டி வீசிட்டு, மத்தவங்க கொட்டுற அந்த தண்ணியத்தான் நீங்க குடிக்கப் போறீங்க.

இன்னொன்னும் இருக்கு. கொதிக்கிற தண்ணிய நேரா பொடி மேல ஊத்துனா அந்த நொதி செத்துடும், அதனால அமிக்டலின் ஒடையாம முழுசா தண்ணியில எறங்கிடும், அது சாதாரணமா கொதிக்க வச்சா அழியிற சாமான் இல்ல. அப்ப கப்புல சயனைட் அவ்வளவா இருக்காது, வாசமும் கொறச்சலா இருக்கும், பாத்தீங்களா ஒன்னும் இல்லன்னு குடிச்சிடுவோம். ஆனா நம்ம கொடல்ல இருக்குற பக்டீரியாவுக்கு அந்த அமிக்டலின ஒடைக்கத் தெரியும். வேலை கப்புல நடக்காம வயித்துக்குள்ள நடக்கும். அதனால தான் குடிச்ச ஒடனே ஒன்னும் தெரியாம கொஞ்ச நேரம் கழிச்சு தலை சுத்துறது, வாந்தி எல்லாம் வரலாம். வறுத்துட்டு பொடி பண்ணா என்னன்னும் சிலர் கேக்குறாங்க. வறுத்தா கொஞ்சம் கொறையும், எவ்வளவு கொறைஞ்சிச்சுன்னு வீட்டு அடுப்படியில அளக்க வழியே இல்ல, அதனால அந்த கணக்க நம்பி ஒரு புள்ளைக்கு குடுக்க நான் சொல்ல மாட்டேன்.

எவ்வளவு போனா ஆபத்துன்னு ஒரு கணக்கு போட்டு பாப்போம், நம்பர் பாத்தா தான் மனசுல நிக்கும். ஒரு கிராம் அமிக்டலின் முழுசா ஒடைஞ்சா ஏறக்கொறைய 59 மில்லிகிராம் சயனைட் வரும். பிளம்ஸ் பருப்புல இன்னின்ன இனத்துக்கு இவ்வளவுன்னு வித்தியாசம் இருக்கு, அளந்து பாத்ததுல ஒரு கிராம் பருப்புக்கு 4 மில்லிகிராம்லருந்து 17 மில்லிகிராம் வரைக்கும் அமிக்டலின் இருந்திருக்கு. நடுவுல 10னு வைங்க. ஒரு தேக்கரண்டி பொடி ஒரு 3 கிராம்னு வச்சா 30 மில்லிகிராம் அமிக்டலின், அதுலருந்து 1.8 மில்லிகிராம் அளவு சயனைட் வரலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2016ல ஒரு எல்லை போட்டாங்க, ஒடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், ஒரே நேரத்துல அதுக்கு மேல போகக்கூடாதுன்னு. 50 கிலோ ஆளுக்கு அது 1 மில்லிகிராம். ஒங்க மகன் ஒரு 16 கிலோ இருப்பான்னு வைங்க, அவனுக்கு 0.32 மில்லிகிராம் தான். அப்ப ஒரு தேக்கரண்டி ஒங்களுக்கே எல்லைய தாண்டுது, மகனுக்கு அஞ்சு மடங்குக்கு மேல. அதே சபை சொன்னது, சின்ன ஏப்ரிகொட் பருப்பு மூணுக்கு மேல தின்னா பெரியவங்களுக்கே எல்லை தாண்டும், சின்னப் புள்ளைக்கு ஒன்னே போதும்னு. ஒரு கப் குடிச்ச ஒடனே ஆள் விழுந்துடும்னு நான் சொல்ல வரல, கொஞ்சம் போனா ஒடம்பு அத கந்தகச் சத்தோட சேத்து வேற சாமானா மாத்தி சிறுநீர்ல வெளிய அனுப்பிடும். ஆனா அந்த கந்தகம் நம்ம சாப்பிடுற புரதத்துலருந்து வரணும். ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிட்டுட்டு வேலைக்கு போற ஒடம்புல அது எவ்வளவு இருக்கும்னு யோசிச்சு பாருங்க. இதுல ஒவ்வொரு மரத்துக்கும் அளவு வேற, ஒரு நாள் ஒன்னும் ஆகல, இன்னொரு மரத்துக் கொட்டையில ஆயிடுச்சுன்னா யாரு பொறுப்பு?

கேன்சர் விசயம். அந்த வீடியோவுல "விட்டமின் பி17"னு ஒன்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்படி ஒரு விட்டமினே கெடையாதுங்க. அமிக்டலினையும் அதுலருந்து செஞ்ச லெட்ரைல்ங்கிற மருந்தையும் விக்கிறதுக்காக வச்ச பேரு அது. அமெரிக்காவுல அத நெசமாவே நோயாளிங்களுக்கு குடுத்து சோதிச்சு 1982ல வெளியிட்டாங்க, 178 பேருக்கு குடுத்தாங்க, ஒருத்தருக்கும் நோய் கொணமாகல, கட்டி வளர்றத நிப்பாட்டவும் இல்ல, சிலருக்கு ரத்தத்துல சயனைட் அளவு நஞ்சு எல்லைக்கு கிட்ட ஏறிடுச்சு. நாப்பது வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போன கதைய இப்ப புது மியூசிக் போட்டு போன்ல அனுப்புறாங்க. மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டிய ஒருத்தர் இத நம்பி ரெண்டு மாசம் வீட்டுலயே இருந்துட்டா அந்த ரெண்டு மாசத்த யாரும் திருப்பித் தர மாட்டாங்க, அத நெனைச்சா தான் எனக்கு வயிறு எரியுது.

இனி பட்டர்புருட் கொட்டை. இது சயனைட் கூட்டம் இல்ல, அதனால மாமியார் ரெண்டு கெழமை குடிச்சதுக்கு ராத்திரி தூங்காம இருக்க வேணாம். நீங்க சீவும்போது வெள்ளையா இருந்த கொட்டை பாத்துக்கிட்டு இருக்கும்போதே செம்மஞ்சளா மாறி, அவிச்ச தண்ணி செவப்பா வந்துச்சுன்னும், அது ரத்தத்துக்கு நல்லதுன்னு வீடியோவுல சொன்னாங்கன்னும் எழுதியிருக்கீங்க. அப்பிள வெட்டி வச்சா மண்ணிறமாகுற மாதிரி, கொட்டையில இருக்குற பொலிபீனோல் காத்து பட்டு நொதியோட சேந்து நெறம் மாறுறது தான் அது, ரத்தத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த தண்ணியில நெறைய தனின் இருக்கும், வாய் துவர்க்குறது அதனால தான். தனின் சாப்பாட்டுல இருக்குற இரும்புச் சத்த புடிச்சு வச்சுக்கும், ஒடம்புல சேர விடாது. நம்ம பக்கம் பொம்பளைங்களுக்கு ரத்தக் கொறைவு கொஞ்ச நஞ்சமா இருக்கு? ஏற்கனவே ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை சாயத் தேத்தண்ணி உள்ள போகுது, அதுக்கு மேல இதுவுமா. அயன் மாத்திரை எடுக்குறவங்க, முக்கியமா புள்ளத்தாச்சிங்க, மாத்திரைய தேத்தண்ணியோட முழுங்குறத விட்டாலே பெரிய காரியம், முன்ன பின்ன ஒரு மணித்தியாலமாவது விடுங்க, வெறும் தண்ணி இல்லாட்டி தேசிக்காய் தண்ணியோட எடுங்க.

கொட்டையில பேர்சின்னு ஒரு சாமானும் இருக்கு, எலை பட்டையிலயும் இருக்கு. ஆடு, மாடு, குதிரை, மொசல், கோழி, கிளி இதுகளுக்கு அது ஆகாது. மனுசனுக்கு எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு ஒழுங்கா சோதிச்சு யாரும் சொல்லல. கொட்டையில நல்ல சத்து இருக்குன்னு வர்ற பேச்செல்லாம் கூடுதலா ஆய்வுகூடத்துல குழாய்க்குள்ளயும் எலிகள்லயும் பாத்தது. பட்டர்புருட்ட வளர்த்து விக்கிற கலிபோர்னியா வெவசாயிகளோட ஆணைக்குழுவே கொட்டைய சாப்பிட நாங்க சிபாரிசு பண்ணலன்னு தான் சொல்றாங்க. வித்து காசு பாக்குறவங்களே அப்படி சொன்னா நம்ம ஏன் மாமியார வச்சு சோதிக்கணும்? சதைய சாப்பிடட்டும், சீனி போடாம, அரைப் பழம், சீனிக்காரங்களுக்கும் நல்லது.

மாமியார் விசயத்துல எனக்கு பட்டர்புருட்ட விட நாவக்கொட்டை பொடி தான் யோசனையா இருக்கு. நாவக்கொட்டை நம்ம வைத்தியத்துல சீனி வருத்தத்துக்கு ரொம்ப காலமா இருக்கு, அத நான் மட்டம் தட்டல. அதுல கொஞ்சம் சீனி கொறைக்குற கொணம் இருக்கலாம். பிரச்சினையும் அங்க தான் தங்கச்சி. நீங்க மருந்து துண்டுல இருந்தத எழுதியிருக்கீங்க, மெட்போமின், கிளிக்லசைட், லொசாட்டன்னு. கிளிக்லசைட் கணையத்த தட்டி இன்சுலின் சுரக்க வைக்குற மாத்திரை. அதோட சேத்து சீனி கொறைக்குற இன்னொரு சாமான் போய், அன்னைக்கு பாத்து சாப்பாடும் கொஞ்சமா போனா சீனி படக்குன்னு எறங்கிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பசி வரும், பேச்சு தடுமாறும், சில பேர் மயங்கிடுவாங்க. நுவரெலியா வெலிமடை குளிர்ல ஒருத்தருக்கு காரணமே இல்லாம வேர்க்குதுன்னா அது சும்மா இல்ல, ஒடனே மூணு நாலு தேக்கரண்டி சீனி கரைச்சு குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு காட்டணும், மயங்கிட்டா வாயில ஒன்னும் ஊத்தாதீங்க. இன்னொரு பக்கம், பொடி குடிக்கிறேன் சீனி எறங்கிடுச்சுன்னு மாத்திரைய விடுறவங்க இருக்காங்க, அது இத விட மோசம், புண் ஆறாம காலு போற வரைக்கும் கொண்டு போய் விட்டுடும். அதனால அடுத்த கிளினிக்குக்கு போகும்போது பொடி பக்கெட்டையும் கையோட கொண்டு போங்க, டொக்டர்கிட்ட நேரா சொல்லுங்க. ஏசுவாங்கன்னு பயந்து மறைக்காதீங்க. எங்களுக்கு நீங்க என்ன குடிக்கிறீங்கன்னு தெரியாட்டி ரிப்போட்ட பாத்து மருந்த கூட்டுறதா கொறைக்குறதான்னே முடிவு பண்ண ஏலாது. அதுவரைக்கும் பொடிய நிப்பாட்டி வைங்க, வெறும் வயித்து ரத்தப் பரிசோதனை ஒன்னும் எடுத்துக்கங்க.

மத்த விதைகளையும் கேட்டிருந்தீங்க. பப்பாசி விதை கடுகு மாதிரி ஒறைக்கும், வயித்துப் பூச்சிக்கு மருந்துன்னு குடுப்பாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, நைஜீரியாவுல 60 புள்ளைங்கள வச்சு பாத்து 2007ல எழுதுனாங்க, காஞ்ச பப்பாசி விதைய தேனோட குடுத்த 30 பேர்ல 23 பேருக்கு பூச்சி போச்சு, தேன் மட்டும் குடுத்த 30 பேர்ல 5 பேருக்கு. சின்ன ஆய்வு தான். நமக்கு பூச்சி மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாம கெடைக்குது, அளவும் தெரிஞ்ச மருந்து, அத விட்டுட்டு விதைய இடிக்கணும்னு அவசியம் இல்ல. புள்ளத்தாச்சிங்களும், புள்ள உண்டாகணும்னு பாக்குறவங்களும், அதுல ஆம்பளைங்களும் சேத்தி, பப்பாசி விதைய தொடவே வேணாம், கொரங்குகள்ல பாத்தப்போ விந்து அணுவ கொறைச்சிருக்கு. சீத்தாப்பழ விதை, முள்ளு சீத்தா விதை ரெண்டும் குடிக்கிற சாமானே இல்ல, பேனுக்கு அரைச்சு பூசுறப்போ கண்ணுல பட்டு கண்ணு போற அளவுக்கு புண்ணான ஆளுங்க இருக்காங்க, உள்ள குடிச்சா நரம்ப தாக்குற சத்து அதுல இருக்கு. பலாக்கொட்டைக்கு பயம் இல்ல, நல்லா அவிச்சோ சுட்டோ சாப்பிடுங்க, பச்சையா வேணாம். ஜாதிக்காய் நம்ம கண்டி மாத்தளை பக்கத்து சாமான், அதுவும் ஒரு பழத்தோட விதை தான், ஒரு சிட்டிகை துருவி போட்டா வாசம், 5 கிராம் அளவுக்கு போனா நெஞ்சு படபடத்து இல்லாதது எல்லாம் கண்ணுல தெரியும், ஒரு நாள் பூரா ஆள போட்டு வாட்டும். விதையில்லன்னாலும் காமரங்காயையும் பிளிங்காயையும் இதோட சொல்லிடுறேன், வெறும் வயித்துல சாறு புழிஞ்சு கப் கப்பா குடிச்சு சிறுநீரகம் பழுதான ஆளுங்கள பத்தி டொக்டர்மார் எழுதியிருக்காங்க, காமரங்கா கேஸ் இலங்கையிலயும் பதிவாகியிருக்கு. மாமியார் மாதிரி சீனி பிரசர் ரெண்டும் உள்ளவங்க அந்த சாறு பக்கமே போகக்கூடாது.

நீங்க கேக்காத ஒன்னு, காய வைக்குறது. நம்ம பக்கம் மிஸ்டு எறங்குனா நாள் பூரா வெயிலே இல்ல, சீவுன கொட்டை மேல காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல ஒடைச்சு பாத்தா நமத்துப் போய் இருக்கும். அத போத்தல்ல போட்டு மூடுனா ரெண்டு கெழமையில ஓரத்துல சாம்பல் நெறத்துல, பச்சையா பொடி மாதிரி படியும். பூஞ்சணம் அது. தொடச்சுட்டு அவிச்சா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, பூஞ்சணம் சாகும், அது விட்ட நஞ்சு கொதி தண்ணிக்கு அழியாது, ஈரலுக்கு நேரா கெடுதல். கொத்தமல்லி, மொளகாய், எதுவா இருந்தாலும் பூஞ்சணம் புடிச்சா வீசிடுங்க, காசு போகுதேன்னு பாக்காதீங்க.

அப்ப விதையில எதையுமே குடிக்கக் கூடாதான்னா, குடிக்கிறோமே. கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் நம்ம விதைன்னு சொன்னாலும் நெசத்துல அந்தச் செடிகளோட காஞ்ச பழம் தான், உள்ள விதையோட. தடிமன் காய்ச்சலுக்கு கொத்தமல்லி லேசா வறுத்து ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு அவிச்சு குடிங்க, மகனுக்கும் இளஞ்சூட்டுல அரைக் கோப்பை குடுக்கலாம். வயிறு ஊதுனா சீரகத் தண்ணி. ஏலக்காயும் பழம் தான், ரெண்டு தட்டிப் போட்டா தேத்தண்ணிக்கு வேற ஒன்னும் வேணாம். வீட்டோரம் கோப்பி மரம் நின்னா அந்த செவப்புப் பழத்த பறிச்சு காய வச்சு, தோல எடுத்துட்டு உள்ள இருக்குற கொட்டைய வறுத்து கொத்தமல்லி சேத்து இடிச்சு குடிங்க, பழ விதையில போடுற தண்ணிக்கு அத விட நல்ல சாமான் இல்ல. தேயிலை வர்றதுக்கு முன்ன இந்த மலை பூரா கோப்பி தானே, 1869ல எலையில நோய் வந்து அழிஞ்சு போகாட்டி நம்ம பாட்டன் பூட்டன் கொழுந்துக்கு பதிலா கோப்பிப் பழம் தான் பறிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. ஆவாரம்பூ, வில்வம்பூ, நன்னாரி எல்லாம் கடையில ரணவரா, பெலிமல், இரமுசுன்னு பக்கெட்ல இருக்கு, அதுவும் சீனி போடாம அளவா குடிக்கலாம், மாமியார் ஆவாரம்பூ தொடங்குறதா இருந்தா மட்டும் கிளினிக்ல ஒரு வார்த்தை சொல்லிடட்டும்.

விக்கிற யோசனைய பத்தி. ஒங்க கையில ரெண்டு காசு பொழங்கணும்னு நீங்க நெனைக்கிறது நியாயம், அத நான் மனசார மதிக்கிறேன். ஆனா பிளம்ஸ் பருப்பையும் பட்டர்புருட் கொட்டையையும் வித்துடாதீங்க. 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துல ஒடம்புக்கு கெடுதல் பண்ற உணவ விக்கிறது குத்தம், "கேன்சர் வராது, சீனி கொறையும்"னு லேபல்ல போடுறது இன்னும் பெரிய பிரச்சினை, வாங்குன வீட்டுல ஒரு புள்ளைக்கு ஒன்னு ஆயிட்டா சட்டத்த விட மனசு தான் தாங்காது. அதே கை வேலைய பிளம்ஸ் ஜாம்ல காட்டுங்க, கொட்டைய முழுசா எடுத்துட்டு. வறுத்த கொத்தமல்லி கோப்பி பக்கெட் போடுங்க. தொடங்குறதுக்கு முன்ன ஒங்க பகுதி பி.எச்.ஐ மகாத்தயாவ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர போய் பாருங்க, எம்.ஓ.எச் ஒபிஸ்ல (சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம்) இருப்பாரு, லேபல்ல என்ன போடணும், எடம் எப்படி இருக்கணும்னு சொல்லித் தருவாங்க.

ஒருவேளை மகனோ வேற புள்ளைங்களோ எங்கயாவது பருப்ப தின்னுட்டா, இல்ல யாராவது அந்தத் தண்ணிய குடிச்சுட்டு தலையிடி, தலை சுத்து, வாந்தி, மூச்சு வேகமா வாங்குறது, ஆள் தடுமாறுறதுன்னு வந்தா வீட்டுல வைத்தியம் பாக்காதீங்க. உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, பால் மோர்னு ஊத்தாதீங்க. 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும், தோட்டத்து ரோட்டுல வர நேரமாகும்னா கெடைக்குற ஓட்டோவுல கெளம்பிடுங்க, மிச்சம் இருக்குற பருப்பையோ பொடியையோ கையோட கொண்டு போங்க, என்ன போச்சு எவ்வளவு போச்சுன்னு டொக்டருக்கு தெரிஞ்சா ஒடனே மருந்து தொடங்கலாம். நேரம் தான் முக்கியம், சயனைட் ஒடம்புல இருக்குற உயிரணுக்கள ஒட்சிசன பாவிக்க விடாம தடுக்குற நஞ்சு.

இப்ப கையில இருக்குறத என்ன செய்யிறது. பிளம்ஸ் பொடிய குப்பை வாளியில போடாம புள்ளைங்க வெளையாடாத பக்கம் குழி வெட்டி பொதைச்சுடுங்க. சீவி வச்ச பட்டர்புருட் கொட்டையையும் அதே குழியில போடுங்க, லயத்துப் பக்கம் ஆடு கோழி இருந்தா அதுகளுக்கு தவறியும் போட்டுடாதீங்க. சீவாத முழுக் கொட்டை ஏதாவது மிச்சம் இருந்தா மண் பக்கெட்ல கூர் பக்கத்த மேல வச்சு நட்டு விடுங்க. மாமியாரோட ரத்தப் பரிசோதனை ரிப்போட் வந்ததும், கிளினிக்ல என்ன சொன்னாங்கன்னும் சேத்து எனக்கு எழுதுங்க.